பாதம் தேடும் படி

செஞ்சியில் ராஜகிரிக் கோட்டையைக் கட்டியவர்களுக்கு மனிதன் எப்படி நடக்கிறான் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. சுமார் 800 அடி உயரமுள்ள அந்தப் பாறை மலையில் நேராக ஏறிப் போக வழியே விடவில்லை. பாதை வளைகிறது, குறுகுகிறது, ஒரு வாசலுக்குள் நுழைந்து நிழலில் திரும்புகிறது, மறுபடியும் கண்கூசும் வெயிலில் கொண்டுவந்து விடுகிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே மலை பிளந்து நிற்கிறது. பிளவைக் கடக்க ஒரு பாலம் மட்டும்தான். அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்கள் பத்திரம். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினாலும், 1698-இல்தான் அவரால் உள்ளே நுழைய முடிந்தது. அதற்குள், உள்ளே இருந்த மராத்திய மன்னர் சத்ரபதி ராஜாராம் தப்பிப் போயிருந்தார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராத்தியர் காலக் கோட்டைகளை ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும். பகைவனின் காலைத் தாமதப்படுத்தப் போட்ட வழியில் இன்று குடும்பத்தோடு ஏறுகிறார்கள். பாதி மலையில் கமலக்கண்ணி அம்மனுக்கு ஒரு கும்பிடு, உச்சியில் ரங்கநாதர் கோயில் வாசலில் ஒரு படம், பிறகு குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றிக்கொண்டு இறக்கம். ஒரு கண்நோய் மனிதனின் நடையை எப்படி மாற்றுகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது.

ஏறும்போது கண்ணுக்குப் பெரிய சிரமம் இல்லை. அடுத்த படி முன்னால் எழுந்து நிற்கிறது, மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் கண்ணுக்கு வேலை வருகிறது. படி காலுக்குக் கீழே போய்விடுகிறது. கருங்கல்லுக்கு அடுத்து அதே நிறத்தில் இன்னொரு கருங்கல். ஒரு படியின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதை நிழல்தான் காட்ட வேண்டும். உச்சி வெயிலில் அந்த நிழலும் சுருங்கிவிடும். படிகளின் உயரமும் ஒரே சீராக இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தடதடவென்று இறங்கிவிடுகிறார்கள். யாரும் தன் காலைக் குனிந்து பார்ப்பதில்லை. பின்னே எதை வைத்து இறங்குகிறார்கள்?

கனடாவின் ஆஃப்தாப் பட்லா, ஜோன் விக்கர்ஸ் இருவரும் நடப்பவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வழியில் ஒரு தடை இருந்தால், நெருங்கி வரும்போது மனிதர்கள் அதைப் பார்க்கிறார்கள். தாண்டுகிற அந்த நொடியில் பார்ப்பதில்லை. கண் அதற்குள் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. காலைத் தூக்கி வைக்கும் வேலையைப் பார்வையின் கீழ் ஓரம் கவனித்துக்கொள்கிறது. அங்கே எழுத்துப் படிக்கும் கூர்மை கிடையாது. தரை முடிகிற இடம், கல் துருத்துகிற இடம், ஏதோ அசைகிற இடம் இவ்வளவுதான் தெரியும். காலுக்கு அது போதும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண் தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடப்பவர் நாலு மீட்டர் முன்னால் தரையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எட்டுக்கு அப்பால், ஏறக்குறைய 120 சென்டிமீட்டரில், அவர் கால் பதியப்போகும் இடம் அந்தப் பார்வைக் கோட்டுக்குச் சுமார் 30 பாகை கீழே விழுகிறது. அவர் தலையை நிமிர்த்திப் பத்து மீட்டர் தூரத்தைப் பார்த்தால் இடைவெளி 40 பாகையைத் தாண்டிவிடும். கண் மருத்துவமனையில் பார்வைப் பரப்பை அளக்க வழக்கமாகச் செய்யும் கருவிச் சோதனை, பார்வையின் மையத்திலிருந்து மேலும் கீழும் 24 பாகை வரைதான் அளக்கிறது. நோயைக் கண்டுபிடிக்கவும் அது வளர்கிறதா என்று கவனிக்கவும் அது சிறந்த சோதனை. அந்த எல்லையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் உண்டு. ஆனால் கால் பதியும் இடம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது நடு மையத்தில் ஒரு துளியை மட்டும் சோதிக்கிறது.

அந்தத் துளியைக் கடைசிவரை விட்டுவைத்து, சுற்றியிருப்பதை முதலில் அரிக்கும் நோய்தான் குளுக்கோமா. தமிழ்நாட்டுக் கண் மருத்துவமனைகளில் இதைக் கண்நீர் அழுத்த நோய் என்று எழுதிப் போட்டிருப்பார்கள்; நோயாளிகள் ‘கண்ணுல பிரஷர்’ என்பார்கள். கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் இடைவிடாமல் ஊறி, கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிகிறது. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் பத்துப் பன்னிரண்டு லட்சம் இழைகள் இருக்கின்றன. அவை கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் நசுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. செத்த இழை மீண்டும் முளைப்பதில்லை. அழுத்தத்தைக் குறைத்தால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை எல்லாமே இந்த ஒரே காரியத்துக்குத்தான்.

அழுத்தம் என்ற பெயரே சிலரை ஏமாற்றிவிடுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சென்னை சங்கர நேத்ராலயாவின் எல். விஜயா, ரோனி ஜார்ஜ் குழுவினர் நடத்திய சென்னை குளுக்கோமா ஆய்வில், வடிகால் வாய் அடைபடாமல் திறந்தே இருக்கும் ‘திறந்தகோண’ வகை நோய் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பரிசோதனை நேரத்தில் கண்ணழுத்தம் இயல்பான அளவில்தான் இருந்தது. அழுத்தத்தை மட்டும் அளந்து ‘நார்மல்’ என்று அனுப்பிவிட்டால் அவர்கள் எல்லாருடைய நோயும் கண்ணில் படாமலே போய்விடும். நரம்பை உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

அதே ஆய்வின் கிராமப்புறப் பகுதி, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் நடந்தது. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாக வடக்கே போனால் வருகிற அதே வகை நெல், நிலக்கடலைச் சீமை. 40 வயதைத் தாண்டிய சுமார் 3,900 பேரைப் பரிசோதித்ததில் 1.62 சதவீதத்தினருக்குத் திறந்தகோண குளுக்கோமா இருந்தது. சென்னை நகரத்தில் அது 3.51 சதவீதம். தெற்கே மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை 5,150 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் எல்லா வகை குளுக்கோமாவும் சேர்த்து 2.6 சதவீதம். இந்த எண்களைவிடப் பெரிய செய்தி வேறொன்று. அரவிந்த் கணக்கெடுப்பில் திறந்தகோண வகை நோய் இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அதுவரை யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. சென்னை ஆய்வின் கிராமங்களில் அந்த அளவு 98.5 சதவீதம். அதாவது அநேகமாக அத்தனை பேரும்.

எப்படித் தெரியாமல் போகும்? நரம்பிழையில் கால் பங்குக்கு மேல் அழிந்த பிறகே பரப்புச் சோதனையில் குறை தென்படத் தொடங்குகிறது என்பது ஒரு காரணம். இடக்கண்ணில் இல்லாததை வலக்கண் காட்டிக்கொடுத்துவிடுவது இன்னொன்று. மூன்றாவது காரணம் மூளை. கிழிந்த வேட்டியில் பக்கத்து நூலின் நிறத்திலேயே இழை ஓட்டித் தைப்பவரைப் போல, பார்வையில் விழுந்த ஓட்டையைச் சுற்றியுள்ளதை வைத்து அது நிரப்பிவிடுகிறது. பாதை தொடர்வதாகவே தெரியும். நடுவில் கிடந்த கல் மட்டும் தெரியாது.

பத்திரிகைகளிலும் விழிப்புணர்வுப் பதாகைகளிலும் குளுக்கோமாவை ஒரு கறுப்புக் குழாய்க்குள் உலகம் தெரிவதாக வரைகிறார்கள். லண்டனில் டேவிட் கிராப் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டது. 50 நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி, உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார்கள். கறுப்புக் குழாயை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் அங்கங்கே மங்கலாக இருக்கும் படத்தைக் காட்டினார்கள். சிலர், சில பொருள்களே காணாமல்போன படத்தை. நாலில் ஒருவர் எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது என்றார். கறுப்புக் குழாய்ப் படத்தைப் பார்த்துவிட்டு ‘எனக்கு அப்படி இல்லையே’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

இப்போது மலை இறக்கத்துக்குத் திரும்பலாம். இரு கண்களிலும் கீழ்ப்பரப்பு கெட்ட ஒருவர் ராஜகிரியிலிருந்து இறங்குகிறார். தூரத்தில் கல்யாண மகாலின் அடுக்குகள் அவருக்குத் துல்லியமாகத் தெரிகின்றன. கீழே சாலையில் போகும் பேருந்தின் பெயர்ப்பலகையைக்கூட மற்றவர்களுக்கு முன்னால் படித்துவிடலாம். அடுத்த படி மட்டும் இல்லை. ஆகவே குனிந்து பார்க்கிறார். மையப் பார்வையை ஒவ்வொரு படியின்மீதும் இறக்கி, உறுதி செய்து, கால் வைக்கிறார். குனிந்த நேரத்தில் எதிரே வருபவர், பக்கத்திலிருந்து குதிக்கும் குரங்கு, வாசலின் தாழ்ந்த மேல்கல் எதுவும் அவர் கணக்கில் இல்லை. நிமிர்ந்தால் படி போய்விடும். குனிந்தால் வழி போய்விடும். வெயிலிலிருந்து மூடிய வாசலுக்குள் நுழையும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. இருட்டுக்குக் கண் பழக அவருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். மங்கிய வெளிச்சத்தில் சாம்பல் நிறத்தையும் அடர் சாம்பல் நிறத்தையும் பிரித்தறியும் திறனும் குறைந்திருக்கும்.

இதெல்லாம் வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் மேரிலாந்தில், சாலிஸ்பரி நகர முதியவர்களைத் தடைகள் வைத்த பாதையில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். இரு கண்ணிலும் குளுக்கோமா இருந்தவர்கள் மெதுவாக நடந்தார்கள், அதிகமாக மோதிக்கொண்டார்கள். விழுவதை முன்கூட்டிச் சொன்னது பக்கப் பரப்பின் இழப்புதான். எழுத்து அட்டையில் எத்தனை வரி படிக்கிறார் என்பது அல்ல. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், குளுக்கோமா இருந்தவர்கள் முந்தைய ஓராண்டில் விழுந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் அலெக்ஸ் பிளாக், ஜோஆன் உட் குழுவினர் 71 நோயாளிகளிடம் மாதாமாதம் விழுந்த கணக்கை எழுதி வாங்கினார்கள். ஓராண்டில் 31 பேர் ஒருமுறையாவது விழுந்திருந்தார்கள். பரப்பின் எந்தப் பகுதி கெட்டவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்று தேடியபோது கிடைத்த பதில், எதிர்பார்த்தபடியே, கீழ்ப்பகுதி.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது.

பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்மர் கண் நிலையத்தில் பிரதீப் ராமுலு தலைமையில் நடந்த ஆய்வு, நோயாளிகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. விழுந்த நாளை அவர்கள் நாட்காட்டியில் குறித்தார்கள். கூடவே, இடுப்பில் எட்டுகளை எண்ணும் கருவி ஒன்றைக் கட்டி, எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் ஜிபிஎஸ் கருவியையும் கொடுத்திருந்தார்கள். ஆண்டுக்கு எத்தனை முறை விழுந்தார்கள் என்று பார்த்தால், நோய் முற்றியவர்களுக்கும் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. நோய் நடையைக் கெடுக்கவில்லை என்று முடிவுகட்டி ஆய்வை மூடியிருக்கலாம். ஆனால் விழுந்த எண்ணிக்கையை நடந்த எட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்ததும் படம் தலைகீழாக மாறியது. பரப்பு கெடக் கெட, எட்டு ஒன்றுக்கு விழும் அபாயம் ஏறிக்கொண்டே போனது, வீட்டுக்குள்ளும் வெளியிலும். நோய் முற்றியவர்கள் அதிகம் விழாததற்குக் காரணம், அவர்கள் நடப்பதையே குறைத்துக்கொண்டதுதான்.

குளுக்கோமாவைப் பற்றி அறிய வேண்டியதில் பாதி இந்த வகுத்தலில் இருக்கிறது. விழாதவர் நலமாக இருக்கிறார் என்று குடும்பமும் நினைக்கிறது, மருத்துவரும் நினைக்கிறார், கணக்கெடுப்பும் அப்படியே பதிகிறது. அவர் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

செஞ்சி வட்டாரத்தில் ஒருவர் விட்டுவிடக்கூடியவற்றை எண்ணிப் பார்த்தால், மலை அந்தப் பட்டியலில் முதலில் வரும். ஆனால் அது பெரிய இழப்பில்லை. உள்ளூர்க்காரர்களில் எத்தனை பேர் ஆண்டுக்கு ஒருமுறையாவது ராஜகிரி ஏறுகிறார்கள்? அடுத்து சிங்கவரம் ரங்கநாதர் போகும். அங்கேயும் பாறைமேல் படிதான். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவம். கூட்டத்துக்குள் நள்ளிரவில் கால் வைக்க வேண்டியிருக்கும். ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போகும், பிறகு பேச்சே எடுக்கமாட்டார்கள். விடியுமுன் வரப்பில் நடந்துபோய்ச் சங்கராபரணி ஓரத்துக் கழனிக்கு மடை திருப்புவது மகனின் வேலையாகிவிடும். நிலக்கடலை மூட்டையோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய், எடை போடும்வரை காத்திருந்து, நாலு பேரிடம் விலை விசாரித்துவிட்டு வருவதும் போகும். டவுன் பஸ்ஸின் உயரமான படி, இறங்கும் இடத்தில் திறந்த சாக்கடை, நடைபாதையில் படுத்திருக்கும் நாய், இரவில் எதிர்வண்டியின் விளக்கு. ஒவ்வொன்றும் ஒரு காரணம். கடைசியில் திண்ணையும் முற்றமும் மிஞ்சும். ‘அப்பா இப்பல்லாம் வெளிய போறதில்ல, வயசாயிடுச்சில்ல’ என்பார்கள். வயதின்மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம். அது மறுத்துப் பேசாது.

கண்புரை என்று சொல்லித் தள்ளிப்போடுவதும் உண்டு. ‘முத்தட்டும், எடுத்துக்கலாம்’ என்று காத்திருக்கும் மாதங்களில், புரைக்குப் பின்னால் நரம்பு அழிந்துகொண்டிருக்கும். புரையை எடுத்தால் பார்வை திரும்பும். நரம்பு விஷயத்தில் அப்படி இல்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கும்போது புரையை எடுப்பதில் நடைக்கும் லாபம் உண்டு என்பது வேறு விஷயம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வயதான பெண்களுக்கு முதல் கண்ணின் புரையைத் தாமதிக்காமல் எடுத்தபோது விழும் விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

நடப்பதை நிறுத்துவதால் பாதுகாப்பு கிடைக்கிறதா? கொஞ்ச நாளைக்குக் கிடைக்கும். பிறகு தொடைத் தசை மெலியும், சமநிலை குறையும், வீட்டுக்குள் வைக்கும் சில எட்டுகளும் அபாயமாகும். ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், எழுந்தபின்னும் பழைய நடை எல்லாருக்கும் திரும்புவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். போதாததற்கு, 2019-இல் வந்த இன்னோர் ஆய்வு வேறொரு கவலையைக் கிளப்பியது. குளுக்கோமா நோயாளிகளில் அதிகம் நடமாடியவர்களுக்குப் பரப்பு இழப்பின் வேகம் குறைவாக இருந்தது. நாளொன்றுக்குக் கூடுதலாக 5,000 எட்டுக்கு ஏறக்குறைய பத்து சதவீதம். நடப்பதால் கண் காக்கப்படுகிறதா, கண் நன்றாக இருப்பதால் நடக்கிறார்களா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும், மூலையில் உட்கார வைப்பதுதான் பத்திரம் என்ற எண்ணத்துக்கு அது துணைபோகவில்லை.

நடையை இடறச் செய்வது நோய் மட்டுமல்ல. மூக்கின்மேல் இருப்பதும் சில சமயம் சதி செய்கிறது. நாற்பதைத் தாண்டியவர்கள் போடும் பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பாதி, கையில் பிடித்த செய்தித்தாளுக்காகச் செய்தது. படி இறங்கும்போது கால் பதியும் இடம் சரியாக அந்தக் கீழ்ப்பாதி வழியாகத்தான் தெரிகிறது, மங்கலாக. கீழ்ப்பரப்பு ஏற்கெனவே கெட்டவருக்கு இது இரண்டாவது அடி. சிட்னியில் ஸ்டீபன் லார்ட் குழுவினர் 156 முதியவர்களைப் பின்தொடர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கண்ணாடி போட்டவர்கள் விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. குறிப்பாகப் படிகளிலும் வீட்டுக்கு வெளியிலும். வெளியே நடக்கத் தூரப்பார்வைக்கு மட்டுமான ஒரு கண்ணாடி, படிக்க இன்னொன்று என்று இரண்டாக வைத்துக்கொள்வது செலவுதான். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சையைவிட மலிவு.

மருந்தையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. டிமோலால் சொட்டு மருந்து பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது, விலை குறைவு, வேலையும் செய்கிறது. ஆனால் கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலந்தால் நாடித்துடிப்பைக் குறைக்கலாம். சிலருக்கு எழுந்து நின்றதும் தலை கிறுகிறுக்கும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சு இறுகும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் உடம்புக்குள் போகும் அளவு குறைகிறது. கண் சிவந்தால் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு சொட்டு இதற்கு நேர் எதிர். அதுவே சிலருக்கு அழுத்தத்தை ஏற்றி குளுக்கோமாவை வரவழைத்துவிடும்.

வீடு என்ற இடத்தைப் பற்றி மருத்துவமனைகள் அதிகம் யோசிப்பதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் குளுக்கோமா நோயாளிகளின் பார்வையை மருத்துவமனையிலும் அவர்கள் வீட்டிலும் அளந்து பார்த்தார்கள். வீட்டில் பார்வை குறைந்தது. முக்கியக் காரணம் வெளிச்சம். பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட வீடுகளில் வேண்டிய அளவு இல்லை. அங்கேயே அப்படி என்றால், ராத்திரி முழுதும் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும் எரியும் நம் கூடங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பழைய வீடுகளில் நிலைப்படி உயரம். அதைத் தாண்டினால் முற்றம் அரையடி பள்ளம். கொல்லைப்புறக் குளியலறைக்கு ஈரச் சிமெண்ட் தரை. எல்லாம் ஒரே சாம்பல். நாற்பது ஆண்டு பழகிய வீடு என்பதால் நினைவே வழிகாட்டிவிடுகிறது. பேரப்பிள்ளை ஒரு முக்காலியை இழுத்துப்போட்டால் அந்த நினைவு கைவிட்டுவிடும்.

இதில் நம்பிக்கை தரும் ஆய்வு ஒன்று நியூசிலாந்திலிருந்து வருகிறது. டுனெடின், ஆக்லாந்து நகரங்களில் 75 வயதைத் தாண்டிய, பார்வை மிகவும் குறைந்த 391 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலரின் வீட்டுக்கு ஒரு தொழில்வழி சிகிச்சையாளர் போய் அறை அறையாகப் பார்த்தார். தளர்ந்த விரிப்பை எடுத்தார், படி விளிம்பில் வேறு நிறப் பட்டை ஒட்டினார், கைப்பிடி போடச் செய்தார், விளக்கை மாற்றச் சொன்னார், நடக்கும் வழக்கத்தையும் பேசித் திருத்தினார். 2005-இல் முடிவு வந்தது: விழும் எண்ணிக்கை 41 சதவீதம் குறைவு. வீட்டில் செய்யும் உடற்பயிற்சித் திட்டத்தைத் தனியாகக் கொடுத்தபோது அப்படிப் பலன் கிடைக்கவில்லை. இதில் எதற்கும் பெரிய கருவி தேவையில்லை. ராஜகிரியின் படிகளில் யாரும் மஞ்சள் பெயின்ட் அடிக்கப் போவதில்லை, தொல்லியல் துறை விடவும் கூடாது. சொந்த வீட்டு நிலைப்படிக்கு அடிக்கலாம். கோலத்துக்குக் கரையாகக் காவி இடும் ஊரில், படி விளிம்பில் ஒரு பட்டை யார் கண்ணையும் உறுத்தாது.

பரிசோதனைக்கு வழி இல்லாத ஊரும் அல்ல செஞ்சி. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர், கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை. மூன்றும் காலையில் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில்தான். வாசலில் நின்று ‘கண்ணாடி பவர் பாக்கணும்’ என்று மட்டும் சொன்னால் கண்ணாடி பவர் மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும். நாற்பது வயதைத் தாண்டியவர் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ குளுக்கோமா இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். மற்றவர்களைவிட அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. ஏற்கெனவே சொட்டு விட்டுக்கொண்டிருப்பவரைக் கூட்டிப்போகும் மகளோ மகனோ இன்னும் இரண்டு விஷயங்களை மருத்துவர் காதில் போட்டுவைக்கலாம். போன வருடம் எங்கெல்லாம் தனியாகப் போய்வந்தார், இந்த வருடம் அதில் எதையெல்லாம் நிறுத்திவிட்டார் என்பது ஒன்று. பரப்புச் சோதனைத் தாளில் கீழ்ப்பாதி எப்படி இருக்கிறது என்று கேட்பது மற்றொன்று. அந்தத் தாளில் கறுத்திருக்கும் இடத்தைப் பார்த்த பிறகு, வீட்டில் எந்தப் படிக்கு முதலில் விளக்குப் போடுவது என்று முடிவுசெய்வது எளிது.